படுத்தா மட்டும் ஏன் நெஞ்சு கரிக்குது?

அசிடிட்டின்னாலே வயித்துல ஆசிட் ஜாஸ்தியா சுரக்குதுன்னு தான் எல்லாரும் நெனைக்கறோம், ஆனா நிறைய பேருக்கு சுரக்கறது சரியா தான் சுரக்கும், கோளாறு மேல இருக்கற வால்வுல. உணவுக்குழாய் வயித்துல வந்து சேர்ற எடத்துல ஒரு வளையத் தசை இருக்கு, அது நேரங்கெட்ட நேரத்துல தளர்ந்துச்சுன்னா உள்ள இருக்கறது மேல ஏறிடும். வயித்துச் சுவர் ஆசிட்ட தாங்கும், உணவுக்குழாய் தாங்காது, அதான் அந்த எரிச்சல்.

எனக்கு பகல்ல ஒண்ணும் தெரியாது. படுத்து கொஞ்ச நேரத்துல தொண்டைக்குழி வரைக்கும் புளிப்பா எதுக்களிச்சுக்கிட்டு வரும், எழுந்து உக்காந்தா தான் எறங்கும். ரெண்டு தலகாணி வெச்சுக்கோன்னு சொல்லாத ஆளே இல்ல, ஆனா அதுல கழுத்து தான் மடங்குது, இடுப்புகிட்ட உடம்பு வளைஞ்சு வயித்துல இன்னும் அழுத்தம் ஏறுது. கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில 6லேர்ந்து 8 இன்ச்சுக்கு கட்டை வெச்சா மொத்த உடம்பும் சாய்வா இருக்கும், அது தான் கேக்குது (பக்கத்துல படுக்கறவங்க சறுக்குதுன்னு சண்டைக்கு வருவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல). இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கறதும் உதவும். சாப்ட்டு 3 மணி நேரமாவது கழிச்சு தான் படுக்கணும். தொப்பை இருந்தா அதையும் கொறைக்கணும், வேற வழியில்ல.

காபி, சாக்லேட், காரம்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, எல்லாருக்கும் எல்லாமே ஒத்துக்காம போறதில்ல, உங்களுக்கு எது பண்ணுதோ அத மட்டும் விட்டா போதும்.

மாத்திரை விஷயம் தான் முக்கியம். ஆசிட் சுரக்கறத கொறைக்கற பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் இதெல்லாம் எரியும்போது போடற மாத்திரை இல்ல, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், ஏன்னா வயித்துல ஆசிட்ட வெளிய தள்ளற பம்ப் ஓட ஆரம்பிக்கறப்ப தான் அதால போய் அடைக்க முடியும், அதுவும் முழுசா கேக்க சில நாள் ஆகும். மாசக்கணக்கா போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா ஆசிட் இன்னும் வேகமா சுரந்து முன்னவிட எரியும், டாக்டர்கிட்ட கேட்டு படிப்படியா கொறைங்க. பிபிக்கு குடுக்கற சில மாத்திரைகளே அந்த வால்வ தளர்த்தும், அதனால மத்த மாத்திரையெல்லாம் அவர்கிட்ட காட்டிடுங்க.

முழுங்க கஷ்டமா இருக்கு, எடை தானா எறங்குது, மலம் கறுப்பா போகுது, வாந்தில ரத்தம்னா மாத்திரைய நம்பி உக்காராதீங்க. நெஞ்சு வலியோட வேர்த்துக் கொட்டுது, கை இல்ல தாடை இழுக்குதுன்னா கேஸ்னு சோடா குடிச்சுட்டு படுக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.