நாட்காட்டியில் மூன்று மை

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடமும் மேட்டூர் அணையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் திறப்பதால், காவிரி டெல்டாவில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு ஆண்டின் மிகக் கடினமான பதினைந்து நாட்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. வலங்கைமானுக்கு அருகில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் எழுத்தராக இருக்கிறேன். கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். மகள் கும்பகோணத்தில் பதினொன்றாம் வகுப்பும், மகன் ஊரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். வீட்டில் என் மாமியாரும் இருக்கிறார்; நான் அவரை அத்தை என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

2025இல் பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறந்தது. அங்கே திறந்துவிட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து, திருக்காட்டுப்பள்ளியில் பிரியும் குடமுருட்டி வழியாக எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குச் சில நாட்கள் ஆகும் என்றாலும், குறுவை நெல் போடுகிறவர்கள் தண்ணீர் வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடி ஆவணங்களோடு பயிர்க்கடனுக்கு வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். அதே நாட்களில்தான் நோட்டுக்கு அட்டை போட வேண்டும், பேருந்துப் பயண அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், சென்ற ஆண்டுச் சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளம் விட வேண்டும். 2022இல் அணை மே 24 அன்றே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அணை முன்னதாகத் திறந்த ஆண்டில் கோடை விடுமுறையிலேயே எனக்கு விடுமுறை இல்லாமல் போயிற்று. தாமதமான ஆண்டில் ஜூனில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் வந்ததால் மகனின் பள்ளிக்கு ஒருநாள் நிதானமாகச் சென்று ஆசிரியையிடம் பேச முடிந்தது. ஊரே தண்ணீர் வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததை இப்போது சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று வார இதழ்களில் வரும் குறிப்புகளை நானும் நெடுநாள் படித்திருக்கிறேன். முந்தின இரவே காய் நறுக்கி வைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு மாவு அரைத்து வைப்பது, சீருடையை ஐந்து செட்டாக இஸ்திரி போட்டு வைப்பது ஆகியவற்றில் தவறு எதுவும் இல்லை. பெரும்பாலானவற்றை நானும் செய்கிறேன். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நல்லெண்ணெய் மிதக்கப் புளிக்காய்ச்சல் காய்ச்சி ஜாடியில் வைத்துவிட்டால், சமைக்கத் தெரியாத என் கணவரும் வடித்த சோற்றை ஆறவிட்டுக் கிளறி இரண்டு டப்பாக்களில் அடைத்துவிடுவார். ஆனால் இந்தக் குறிப்புகள் எல்லாம் நாளைய நாள் இன்றைய நாளைப் போலவே இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் அந்த நம்பிக்கையை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

மழைக்கால விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். சில நாள் முந்தின இரவே செய்தி வரும். சில நாள் காலை ஆறு மணிக்கு மேல், சோறு வடித்து முடித்த பிறகு வரும். நாங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கும்பகோணமோ தஞ்சாவூர் மாவட்டம். ஒரே மேகம், ஒரே மழை, ஆனால் மகனுக்கு விடுமுறை இருக்கும், மகளுக்கு இருக்காது. சில சமயம் அது நேர்மாறாகவும் நடக்கும். விடுமுறை பள்ளிக்குத்தானே தவிர எங்கள் இருவருக்கும் அல்ல. காற்றும் மழையும் வலுத்தால் கம்பி அறுந்த இடத்துக்கெல்லாம் போக வேண்டியவர் என் கணவர். அவரை விடியற்காலை மூன்று மணிக்கே அழைத்துவிடுவார்கள். எனக்கோ அது சம்பா பயிர்க் காப்பீட்டுக் காலம். நவம்பர் 15 என்பது வழக்கமான கடைசி நாள். அது நீட்டிக்கப்படும் ஆண்டுகளும் உண்டு என்றாலும், நீட்டிப்பார்கள் என்று நம்பி எந்த விவசாயியும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடுதான் விவசாயி கட்டும் பங்கு. அந்தச் சிறிய தொகைக்கான பதிவில் ஒரு புல எண்ணைத் தவறாக ஏற்றிவிட்டால், பயிர் மூழ்கிய பிறகு இழப்பீட்டுக்கு அலைய வேண்டியவர் அவர். ஆகவே அந்த நாட்களில் நான் கைப்பேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன்.

2024 நவம்பரில் அப்படி ஒரு நாள் மகனுக்கு மட்டும் விடுமுறை வந்தது. கணவர் இரவே கிளம்பிவிட்டார். அத்தை கண் சிகிச்சைக்காக நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். மகளைக் குடையோடு பேருந்தில் ஏற்றிவிட்டு, மகனைக் கையோடு சங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். யூரியா மூட்டைகள் அடுக்கிய அறையின் வாசலில் ஒரு சாக்கை விரித்து, கட்டிய சாப்பாட்டு டப்பாவையும் ஒரு பழைய பதிவேட்டின் வெற்றுத் தாள்களையும் கொடுத்து உட்கார வைத்தேன். மதியம் எட்டிப் பார்த்தபோது, வரிசையில் நின்று களைத்துப்போன ஒரு பெரியவர் அவனருகே குந்தியிருந்தார். "தம்பி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூணு மா இருந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இப்ப சொல்லு, எனக்கு ஏழு மா நிலம், எத்தனை ஏக்கர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஏக்கர், அப்புறம் ஒரு மா மிச்சம் தாத்தா" என்றான். பெரியவர் என் பக்கம் திரும்பி, "பையன் மிச்சத்தை விடலை பாருங்கம்மா" என்று சிரித்தார். அன்று மாலை வரை அந்தத் தாள்களில் அவன் யார் யாருக்கோ நிலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அந்த நாளை நான் நன்றாகச் சமாளித்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இழுப்பறையிலிருந்து எடுத்த கைப்பேசியில் மகளின் வகுப்புக் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் இருந்தன. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பெற்றோர் அன்றே கையெழுத்திட வேண்டும் என்று காலையிலேயே அறிவிப்பு வந்திருந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழில் இருந்த எழுத்துக் கூட்டல் வேறு, பள்ளிப் பதிவில் இருந்தது வேறு. அது எனக்கு முன்பே தெரியும், சான்றிதழின் நகலை எடுத்துத் தர வேண்டும் என்று மனதில் குறித்தும் வைத்திருந்தேன். மற்ற மாணவிகளின் அம்மாக்கள் வந்து கையெழுத்திட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டு அவள் மாலை வரை அலுவலக வாசலில் நின்றிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து நான் அரைநாள் விடுப்பு எடுத்துச் சென்று அதைச் சரிசெய்தேன். பெரிய கேடு ஒன்றும் விளையவில்லை. ஆனால், "உனக்கு ஞாபகம் இருக்கும்னு நினைச்சேம்மா" என்று அவள் சொன்னதில் கோபம் இல்லாததுதான் எனக்கு வலித்தது.

அன்று இரவு நான் அந்தக் குழுவில் இருந்த எண்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் எண்ணுக்கும் இடம் இருக்கிறது. அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் குழுவில் ஏறக்குறைய எல்லாருமே அம்மாக்கள். பள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் என் எண் மட்டும் போதும் என்று சொன்னவள் நான்தான். என் கணவர் வீட்டு வேலையில் ஒதுங்கி நிற்பவர் அல்லர். சொன்னால் எதையும் செய்வார். அந்தச் 'சொன்னால்' என்ற சொல்லில்தான் என் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதைப் பதினாறு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு அன்றுதான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். சோறு வடிப்பதும் துணி துவைப்பதும் கை வலிக்கிற வேலைகள். எப்போது எது வேண்டும் என்று யாரோ ஒருவர் இரவும் பகலும் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதுதான் ஆளைத் தின்கிறது. அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் இறங்கி, வகுப்புக் குழுவில் தன் எண்ணைச் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தார். அது மட்டும் போதாது, என் எண்ணை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். இருவரும் இருந்தால் மறுபடி நான்தான் படிப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால், ராகுகாலமும் அமாவாசையும் அச்சடித்த தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில், பெரிய கட்டம் போட்ட மாத நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. நீல மையில் என் சங்கத்து நாட்கள்: கடன் தவணை, காப்பீடு, தணிக்கை, மார்ச் 31 கணக்கு முடிப்பு. சிவப்பு மையில் பள்ளி நாட்கள். அவற்றை எழுதுவது கணவர், எழுதியதை நான் திருத்துவதில்லை. அவர் ஒருமுறை காலாண்டுத் தேர்வை ஒரு வாரம் தள்ளி எழுதிவிட்டார். பார்த்தும் பேசாமல் இருந்தேன். மகளே கண்டுபிடித்து அவரிடம் சண்டை போட்டாள். பேசாமல் இருந்த அந்த இரண்டு நாட்கள் இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகக் கடினமானவை. பச்சை மை அத்தைக்கு. அவருக்கு எழுதத் தெரியாது; கிருத்திகை, பிரதோஷம், உறவினர் வீட்டு விசேஷம், கண் மருத்துவரின் நாள் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்ல மகன் எழுதுவான். மூன்று நிறங்களும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அன்றைக்கு யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பொருள். அதை அந்த நாள் காலையில் அல்லாமல் பத்து நாட்களுக்கு முன்பே பேசிக்கொள்ளலாம்.

மகளின் பொதுத்தேர்வு நெருங்கியபோது அப்படி ஒரு கட்டம் வந்தது. வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில், நோயிலிருந்து மீண்டவர்கள் பாடையில் படுத்து வேண்டுதலை நிறைவேற்றும் பாடைக்காவடி நடக்கும். அதற்கென்றே எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் பதினைந்து இருபது உறவினர் வந்து தங்குவார்கள். ஒலிபெருக்கியும் வெடியும் விடிய விடிய ஓயாது. என் மேசையிலோ ஆண்டிறுதிக் கணக்கு. அந்த ஆண்டு உறவினரை நாத்தனார் வீட்டில் தங்கச் சொல்லலாம் என்ற முடிவை அத்தையே எடுத்து, அவரே ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னார். நான் சொல்லியிருந்தால் இன்றுவரை அது ஒரு பேச்சாக இருந்திருக்கும்.

காலை நேரத்தைப் பற்றி ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவது நன்றியில்லாத செயலாகும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளைப் பள்ளியில் தொடங்கிவைத்து, காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தினார்கள். அப்போது மகன் ஒன்றாம் வகுப்பு. "வீட்டில் அடுப்பு எரியும்போது பிள்ளை அங்கே போய்ச் சாப்பிடுவதா?" என்று அத்தைக்கு மனத்தாங்கல், அக்கம்பக்கத்திலும் ஓரிருவர் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு இட்லிக்கு அரைமணி நேரம் கெஞ்ச வைத்தவன், அங்கே நண்பர்களோடு வரிசையில் உட்கார்ந்து புதன்கிழமைப் பொங்கலைத் தட்டு வழித்துச் சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டதும் அத்தையும் சமாதானமானார். எனக்கு அதனால் காலையில் முழுதாக நாற்பது நிமிடங்கள் கிடைத்தன. எந்த இதழின் எந்தக் குறிப்பும் எனக்கு அவ்வளவு நேரத்தைச் சேமித்துத் தந்ததில்லை. மதியமும் அங்கேயே முட்டையோடு சத்துணவு என்பதால், பள்ளி நாட்களில் நான் கட்டும் டப்பாக்கள் மகளுக்கும் எனக்கும் கணவருக்கும் மட்டுமே.

மழை விடுமுறை நாட்களில் அந்தச் சாப்பாடும் இல்லை. பிறகு ஈடுசெய்யச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைகளை இன்னும் எந்த மையாலும் முன்கூட்டி எழுத முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும் ஐப்பசியில் நேற்று இரவெல்லாம் மழை. கணவர் நள்ளிரவில் கிளம்பிப் போய்விட்டார். நான் நாலரைக்கு எழுந்து அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, எத்தனை பேருக்கு என்று தெரியாமல் புளிக்காய்ச்சல் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவர் அழைத்தார். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே, "திருவாரூருக்கு லீவு விட்டாச்சு, தஞ்சாவூருக்கு இன்னும் இல்லை. பாப்பாவுக்கு மட்டும் கட்டு. அவ புத்தகத்தை பாலித்தீன்ல சுத்திட்டு பையில வைக்கச் சொல்லு" என்றார்.