வட்டம் எண்டால் அஞ்சு

டிசம்பர் 20, 2024, இரவு
மியன்மாரில இருந்து படகில தப்பி வந்த ரோஹிங்யா அகதிகளைத் திருகோணமலையில இறக்கியிருக்கு. பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நாங்கள் வந்தனாங்கள், ஆனா இண்டைக்கு வகுப்பு இல்லை. சாப்பாடு, தண்ணி, நித்திரை. பேர், வயது, ஊர் எண்டு கேட்டு எழுத ஏற்கெனவே நாலு பேர் நிக்கினம். அஞ்சாவதா நாங்களும் கேட்கத் தேவையில்லை.

டிசம்பர் 21, காலை
ஒரு சின்னவள் "ஃபானி, ஃபானி" எண்டு அழ, சமையல்பக்கத்து அக்கா பாண் கொண்டு ஓடிவந்தா. இன்னொராள் கித்துள் பாணிப் போத்தலோட. பிள்ளை கேட்டது தண்ணி. ரோஹிங்யா மொழியில ஃபானி எண்டால் தண்ணி, பாத் சோறு. பெரிசா எழுதி வாசலில ஒட்டியாச்சு.
வயிற்றோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனித் தூள், ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணி. கிளாசில கரைச்சுக் குடுத்தால் உப்புக் கூடி, வயிற்றோட்டம் இன்னும் மோசமாகும்.

21, இரவு
மழை. பாய் நனைஞ்சிட்டுது.

டிசம்பர் 22
முதல் வகுப்பு. 20 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். ஒரே பாய், ஒரே இடம், கதவு திறந்தபடி, தாய்மார் கண்ணுக்குத் தெரிய. படகைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தானாச் சொன்னால் கேட்கிறது, அவ்வளவுதான். பென்சிலைப் பாதியா வெட்டி நாங்களே சீவிக் குடுத்தது, பிளேட் எங்கட கையிலதான். எண்ணப் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தினம். வேண்டாம், சின்னதுகள் மூக்குக்குள்ள விடும். டச்சுக்குடாக் கரையில பொறுக்கின பெரிய சிப்பி 50, அவிச்சு, விளிம்பு உரசினது. கடல் சாமானாச்சே எண்டு ஒரு தயக்கம் இருந்தது. பிள்ளைகள் அதைக் கவனிக்கவேயில்லை.
ஏக், துய், தின், சாய்ர், ஃபாஸ். வாயால எல்லாருக்கும் வரும். எழுத விட்டதும் சண்டை. மதரசாவில படிச்ச பெடியன் அஞ்சு சிப்பிக்குப் பக்கத்தில ஒரு வட்டம் போட்டான். நான் பூச்சியம் எண்டு அழிச்சுப்போட்டன். பிழை என்ரதான்: அரபு எழுத்தில வட்டம் எண்டால் அஞ்சு, பூச்சியத்துக்கு ஒரு புள்ளி. பர்மியத்தில படிச்ச பெரியவனுக்கோ வட்டம் பூச்சியம். அழிக்க முதல் கேட்டிருக்க வேணும். அவன் பிறகு பென்சிலைத் தொடவேயில்லை.

22, இரவு
போனோட வாறவை நிக்கினமில்லை. முகம் தெரியிற படம் வேண்டாம் எண்டால் முறைக்கினம். ஊரில இருக்கிற சொந்தங்களுக்கு அது ஆபத்து எண்டு எத்தனை தரம் சொல்றது?
1951 அகதிகள் சமவாயத்தில இலங்கை கைச்சாத்திடேல்லை எண்டு ஒருத்தர் சட்டம் பேசினார். சரி. சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல ஏற்றதுதானே? 22ஆம் உறுப்புரை அகதிப் பிள்ளை, 28ஆவது கல்வி. பதில் இல்லை, பிளேன்ரி குடிச்சிட்டுப் போயிட்டார்.
இவையை ஏத்திப்போகப் பஸ் வருமாம். எங்க எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.
திரும்பத் திரும்ப அந்த வட்டம்தான்.

டிசம்பர் 23
அட்டை செய்யிறம், பிள்ளைக்கு ஒண்டு. ஒவ்வொரு வரியிலும் எங்கட இலக்கம், அரபு, பர்மியம், கடைசியில அத்தனை புள்ளி. எந்தப் பள்ளிக்கூடத்தில விட்டாலும் அங்கத்தை ரீச்சர் பார்த்து விளங்குவா. பெடியன்ர அட்டையில மட்டும் அஞ்சாம் வரிக்குச் சிப்பி ஒட்டினது, வட்டத்துக்கு நேரே. பார்த்தான், ஒண்டும் சொல்லேல்லை, பென்சிலை எடுத்தான்.
வெளியில ஹோர்ண். 14 அட்டைதான் முடிஞ்சிருக்கு, பசையும் காயேல்லை