கோட்டைக்கு முன் கலங்கரை விளக்கம்

கோட்டையும் கலங்கரை விளக்கமும் உள்ள கடற்கரை ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் கலங்கரை விளக்கத்தில் ஏறிவிடுங்கள். கோட்டையைச் சுற்றி ஓய்ந்த கால்களுக்குச் சுழற்படி கொடுமை. படிகள் நடுத்தூண் பக்கம் குறுகி, சுவர்ப் பக்கம் அகன்றிருக்கும். பிள்ளைகளைச் சுவரோரம் விடுங்கள். இறங்கும்போதுதான் கால் தவறும், அதனால் பெரியவர் ஒருவர் முன்னால் இறங்கட்டும்.

மேலே லென்ஸ் அறையைப் பார்க்க விட்டால் அவசரப்படாதீர்கள், அதுதான் விசேஷம். பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் பொருத்திய லென்ஸ் வகையின் வாரிசு அது. அடுக்கடுக்கான கண்ணாடி வளையங்கள் சிதறும் ஒளியை ஒரே கற்றையாக்கும். வெயில் அதே வழியாக உள்ளே குவிந்தால் விளக்கே பாழாகும் என்பதால்தான் பகலில் திரை போட்டார்கள். 30 மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 20 கி.மீ. தூரம்.

கோட்டையில் கவனிக்க வேண்டியது சுவரிலுள்ள பீரங்கித் திறப்புகள். பீரங்கியைத் திருப்ப வசதியாக, பலவற்றில் வெளிப்பக்கம் விரிந்து, அடித்தளம் கடல் பக்கம் சரிந்திருக்கும். போட்டோவுக்காகக் குழந்தையை அதில் உட்கார வைப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது! நிழல் விழும் சுவரோரத்தில் பாசி வழுக்கும். செருப்பைவிடப் பிடிப்புள்ள ஷூ மேல்.

கேமரா லென்ஸில் உப்புத்துளி படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.