நக்கிள்ஸ் மலைக்குள்ள இருக்கிற மீமுரே கிராமத்துக்கு வான் கொண்டு போற ஆக்களுக்கு

திருகோணமலையில இருந்து ஹபரணை, தம்புள்ள, கண்டி, ஹுன்னஸ்கிரிய வரைக்கும் நித்திரை கொண்டே போகலாம் (ஓட்டுறவர் கொள்ளக்கூடாது). அங்கால லூல்வத்தை தாண்டி, கோபெட்ஸ் கெப் எண்ட மலைக் கணவாயில இருந்து இறங்கேக்கதான் விளையாட்டு.

ஒரு வான் அகலம்தான் ரோட்டு. இஞ்சால மலை, அங்கால பள்ளம். எதிர்ல லொறி வர, ஏறி வாறவனுக்கு வழி விடோணுமெண்டு நான்தான் றிவர்ஸ் எடுத்தன். கோணேசர்ல தொடங்கி பத்திரகாளி அம்மன் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டாச்சு.

இறக்கத்தில முதலாம், ரெண்டாம் கியரை விட்டு மாத்தாதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கொண்டே போனா சூடாகி, பிடிக்காமல் போயிடும். எங்கட வான் மணக்கத் தொடங்க, அரை மணித்தியாலம் நிப்பாட்டி ஆறவிட்டம்.

மார்கழி, தை மழைக்குள்ள போகாதீங்க. ரோட்டும் வழுக்கும், நடக்கிற பாதையெல்லாம் அட்டை. சவர்க்காரம் மறக்காதீங்க, அட்டை கடிக்காமல் காலில பூச.