அந்த மணியை அடிக்கச் சொன்னவள் நான்

தலைமையாசிரியரானதும் நான் செய்த முதல் மாற்றம், மழலையர் வகுப்பின் 40 நிமிட விளையாட்டு நேரத்தை 20 ஆகக் குறைத்ததுதான். மீதியை எழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்தேன். விளையாட்டு வேண்டாம் என்று நினைத்தவள் அல்ல நான். ஆனால் பெற்றோர் நோட்டை விரித்து, "ஏன் இரண்டே பக்கம்?" என்று கேட்டால், கலைத்துவிட்ட கட்டைக் கோபுரத்தை எப்படி எடுத்துக் காட்டுவது?

வகுப்பாசிரியை மறுத்துப் பேசவில்லை. "ஒரு நாள் முழுதும் இருந்து பாருங்கள் மேடம்" என்றார்.

போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து பேர் மருத்துவமனை விளையாட்டுக்குக் கூடினார்கள். யார் டாக்டர் என்பதிலேயே முக்கால்வாசி நேரம் போயிற்று. ஒருத்தி அழுதாள். "முதலில் நீ, ஊசி போட்ட பிறகு நான்" என்று ஒருவன் வழி சொன்னான். வகுப்பில் இரண்டு நிமிடம் நிலைகொள்ளாத பையன், நோயாளி என்பதற்காகக் கண்மூடி அசையாமல் படுத்திருந்தான். விளையாட்டில் குழந்தை தன் வயதைவிட உயர்ந்து நிற்கிறது என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களில் சொன்னதைப் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பென்சிலைத் தொடவே அடம்பிடிக்கும் சிறுமி மருந்துச் சீட்டு எழுதினாள். பெயருக்கு ஒரு கிறுக்கல், மூன்று வேளைக்கு மூன்று கோடு. அதை நீட்டும்போது மணி அடித்தது.

தலைமையாசிரியர்கள் கூடும் இடங்களில் விளையாட்டை யாரும் குறை சொல்வதில்லை. "கற்றலுக்கு உதவும் விளையாட்டு" என்பார்கள். போய்ப் பார்த்தால், ஆசிரியர் அட்டையைத் தூக்கிக் காட்ட, குழந்தைகள் கைதட்டி எழுத்தைச் சொல்வார்கள். அதுவும் தேவைதான், எழுத்தின் ஒலியைச் சொல்லித்தராமல் வராது. ஆனால் குழந்தை தானே தொடங்கவும், மாற்றவும், நிறுத்தவும் முடியாத ஒன்றை விளையாட்டு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் விளையாட்டைத் தனி உரிமையாகவே சொல்கிறது. பாடத்துக்கு உதவினால்தான் என்று நிபந்தனை போடவில்லை.

மறுவாரமே 40 நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று கோடு போட்ட அந்தச் சீட்டு இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நோட்டோடு வரும் பெற்றோருக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.