பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும்

காலையில் ரேடியல் ரோட்டோரம் வண்டியை நிறுத்திச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோரைக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி, சிவந்த நீளக் காலால் தண்டைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது.

கொஞ்சம் தெற்கே போனால் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள். நகருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள். மழை வலுத்தால் செம்மஞ்சேரியில் தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும், அரிசியைக் கட்டில்மேல் ஏற்ற வேண்டும்.

பள்ளிக்கரணை இருப்பது சென்னை மாநகராட்சியில், பெரும்பாக்கம் தனி ஊராட்சி. ஆனால் வெள்ளம் வடிய இருப்பது அதே ஒக்கியம் மடுவு என்ற வடிகால்தானே! இரண்டு பக்கமும், வனத்துறையும், வாரியமும் ஒரே வரைபடத்தை விரித்து உட்காரட்டும். நீர் நிற்கும் இடத்தை முதலில் குறிக்கட்டும். அப்புறம் மேடான அரசு நிலத்தில் வீடு கட்டட்டும். ஏழைகளுக்கு வீடு கட்டாயம் வேண்டும், வேலைக்குப் போய்வரும் தூரத்தில் வேண்டும்.