ஃபிட்டர் மச்சானுக்கு ஆஸ்திரேலியா விசா

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கும் மச்சான், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போக வழி இருக்கா என்று கேட்டான். இருக்கு. 189, 190, 491 என்று மூன்று விசா. எதுவானாலும் விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு 45 வயதுக்குள் வரணும், தகுதிக்குப் போடும் மதிப்பெண்ணில் குறைந்தது 65 புள்ளி வேண்டும். மனைவி, பிள்ளைகளை அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

முதல் இரண்டும் நேரடி பி.ஆர்., அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. 491 ஐந்து வருட விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த ஊர்களில் இருக்கணும், மூன்று வருடம் கழித்து 191 என்ற விசா வழியாக பி.ஆர். கேட்கலாம். இந்த 491-க்கு அங்குள்ள ஒரு மாநில அரசு பரிந்துரைத்தால் 15 புள்ளி கூடும். என்னைக் கேட்டால் அதுதான் கைக்கு எட்டுவது.

சிக்கல் வேறு இடத்தில். டி.ஆர்.ஏ என்ற ஆஸ்திரேலிய அமைப்பு தொழில் திறனைச் சரிபார்க்கும். சம்பளம் வாங்கி வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். நம்ம பட்டறைகளிலோ சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம்! கைத்திறமையான வேலைக்காரன்தான், ஆனால் காகிதத்தில் ஆளே இல்லை.

முதலில் சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லு மச்சான். அனுபவக் கடிதத்தில் 'நல்ல பையன்' என்று எழுதி வாங்காதே. என்னென்ன மெஷின், என்ன வேலை என்று இருக்கட்டும். ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அப்புறம்.